சாயமேற்றிய சூரிய மின்கலம்: மூன்று விழுக்காட்டிலிருந்து ஏழுக்குப் போகும் வழி

முதல் மின்கலத்தைச் செய்து முடித்து அளந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். ஆய்வேடுகளில் செயல்திறன் (விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு) 10, 12 விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. கையில் இருப்பதோ மூன்றைத் தாண்ட மறுக்கிறது. உடனே பழி சாயத்தின் மேல் விழுகிறது. இன்னும் விலை கூடிய சாயம் எங்கே கிடைக்கும் என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தேடலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மூன்றிலிருந்து ஏழுக்குப் போகப் பழைய ருத்தேனியம் சாயமே போதும். நடுவில் நிற்பவை அழுக்கு, ஈரம், விரிசல், மின்தடை ஆகியவைதான். இவை பெரும்பாலும் சாயத்தைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் செய்யும் வேலைகளில் ஒளிந்திருக்கின்றன.

பழச்சாறு, பூவிதழ்ச் சாறு ஆகியவற்றிலிருந்து எடுத்த ஆந்தோசயனின் சாயத்தில் செய்பவர்களுக்கு ஒரு சொல்: அது கற்பதற்கு நல்ல வழி, ஆனால் அத்தகைய கலங்கள் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்கும். கீழே சொல்லும் முறைகள் அதற்கும் பொருந்தும், எண்கள் மட்டும் பொருந்தா.

உள்ளே நடப்பது

1991ஆம் ஆண்டு ப்ரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் ‘நேச்சர்’ இதழில் இந்தக் கலத்தை அறிவித்தபோது, செயற்கைச் சூரிய ஒளியில் 7.1 முதல் 7.9 விழுக்காடும், பரவிய பகல் வெளிச்சத்தில் 12 விழுக்காடும் கிடைத்ததாக எழுதினார்கள். சாயத்தைக் கொண்டு ஒளியைப் பிடிக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. தட்டையான பரப்பில் ஒற்றை அடுக்காக ஒட்டிய சாயம் மிகச் சொற்ப ஒளியையே விழுங்கும் என்பதுதான் சிக்கல். அவர்கள் சில நானோமீட்டர் அளவுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைக் கொண்டு, பத்து மைக்ரோமீட்டர் தடிமனில் நுண்துளைகள் நிறைந்த படலம் அமைத்தார்கள். அதன் உட்பரப்பு, வெளியே தெரியும் பரப்பைப் போலப் பல நூறு மடங்கு. அந்தப் பரப்பு முழுவதும் சாயம் ஒட்டிக்கொள்ளும்போது படலம் அடர்நிறம் பெறுகிறது.

ஒளி பட்ட சாய மூலக்கூறு தன் எலெக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுக்கிறது. அந்த எலெக்ட்ரான் துகளுக்குத் துகள் தாவி, மின்சாரம் கடத்தும் கண்ணாடியை அடைந்து, வெளிச்சுற்று வழியாக வேலை செய்துவிட்டு எதிர்ப்பக்க மின்முனைக்கு வருகிறது. அங்கே மின்பகுளியில் (இரு மின்முனைகளுக்கும் நடுவே நிரப்பிய, அயனிகள் உள்ள திரவம்) உள்ள ட்ரை அயோடைடு அதை வாங்கி அயோடைடாக மாறுகிறது. அயோடைடு, எலெக்ட்ரானை இழந்து நிற்கும் சாயத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சுற்று நிறைவுபெறுகிறது.

இதில் எல்லாமே வேகப் போட்டி. சாயம் எலெக்ட்ரானைக் கொடுப்பது பிகோநொடிகளில், சில வேளை அதற்கும் குறைவாக, முடிந்துவிடும். சாயம் மீள்வதற்குச் சில மைக்ரோநொடிகள் ஆகும். எலெக்ட்ரான் படலத்தைக் கடந்து கண்ணாடிக்கு வந்துசேர மில்லிநொடிகள் வேண்டும். ஆபத்து இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்: வழியிலேயே ட்ரை அயோடைடு அந்த எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளக்கூடும். இதை மீளிணைவு என்பார்கள். கீழே வரும் படிகளில் பாதி, இந்தப் பறிப்பைத் தடுப்பதற்காகவே இருக்கின்றன.

எந்த எண் குறைகிறது என்று முதலில் பாருங்கள்

செயல்திறன் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஆம்பியர் என்ற குறுக்குச்சுற்று மின்னோட்டம், திறந்தசுற்று மின்னழுத்தம், நிரப்புக் காரணி (கலம் தரும் உச்சத் திறனை முந்தைய இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வரும் எண்). தரமான செயற்கைச் சூரிய ஒளியின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்பதால், மூன்றையும் பெருக்கி வரும் விடையே நேராக விழுக்காடாகிவிடுகிறது. வகுக்கும் வேலைகூட இல்லை.

ஒரு தொடக்கநிலைக் கலத்தை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் 8, மின்னழுத்தம் 0.68 வோல்ட், நிரப்புக் காரணி 0.55. பெருக்கினால் 2.99. மின்னழுத்தத்தைப் பாருங்கள், அது மோசமில்லை. இதே சாயத்தில் நன்றாகச் செய்த கலம் 0.72 முதல் 0.75 வரைதான் தரும். எனவே மின்னழுத்தத்தை உயர்த்துவதற்கென்று மின்பகுளியில் புதுப் பொருளைக் கலப்பவர் தவறான இடத்தைத் தோண்டுகிறார். நிரப்புக் காரணி 0.70 ஆனால் 3.8 கிடைக்கும். அத்துடன் மின்னோட்டம் 14க்கு வந்து, மின்னழுத்தம் 0.72ஐ எட்டினால் 7.06. இந்தக் கணக்கை ஒவ்வொரு கலத்துக்கும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்து எதை மாற்றுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

ஆனால் அளவீடே பிழையாக இருந்தால் கணக்கால் பயனில்லை. மின்கலத்தைச் செய்யும் முறையைத் திருத்துவதற்கு முன், அளக்கும் முறையைத் திருத்துங்கள். மூன்று இடங்களில் பொய் எண்கள் நுழைகின்றன.

ஒன்று, பரப்பு. கலத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியின் விளிம்பு வழியாகவும் ஒளி உள்ளே வழிந்து வரும். அளவு பார்த்தால் மின்னோட்டம் அள்ளித் தருவதுபோல் இருக்கும். துல்லியமாக வெட்டிய திறப்புள்ள கறுப்புத் தகட்டைக் கலத்தின் மேல் வைத்து, அந்தத் திறப்பின் பரப்பால் வகுங்கள். தகடு வைத்ததும் உங்கள் செயல்திறன் சட்டென்று இறங்கினால் வருத்தப்பட வேண்டாம். அதுவரை இருந்தது உங்களுடையது அல்ல.

இரண்டு, விளக்கு. லக்ஸ் மீட்டரை நம்பிச் சூரிய ஒளிக்குச் சமம் என்று முடிவு செய்யாதீர்கள். அது மனிதக் கண்ணின் உணர்வுக்கேற்ப ஒளியை எடைபோடும் கருவி. சாயம் விழுங்கும் அலைநீளங்களைப் பற்றி அதற்குத் தெரியாது. அளவுதிருத்தம் செய்த சிலிக்கான் ஒப்புக் கலத்தை வைத்து விளக்கின் தூரத்தைச் சரிசெய்யுங்கள்.

மூன்று, வேகம். இந்தக் கலங்களில் அயனிகள் நகர வேண்டியிருப்பதால், மின்னழுத்தத்தை வேகமாக மாற்றி அளந்தால் மின்னோட்ட-மின்னழுத்த வளைவு உருமாறும். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை அளங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை வேகத்தைக் குறையுங்கள்.

கண்ணாடி

ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியைத்தான் பயன்படுத்த வேண்டும், எஃப்.டி.ஓ. என்று விற்கிறார்கள். இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி தொடக்கத்தில் நன்றாகக் கடத்தும், ஆனால் 450 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குப் பிறகு அதன் மின்தடை ஏறிவிடும். நமக்கு அந்தச் சூடு தவிர்க்க முடியாதது. சதுரத்துக்கு 7 முதல் 15 ஓம் வரை மின்தடை உள்ள கண்ணாடிகள் வழக்கத்தில் உண்டு. மின்தடை குறையக் குறைய ஒளி ஊடுருவுவதும் சற்றுக் குறையும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சலவைத்தூள் கரைசல், தூய நீர், எத்தனால் என்ற வரிசையில் மீயொலிக் குளியலில் கழுவி, முடிந்தால் புற ஊதா ஓசோன் கருவியில் கால் மணி நேரம் வையுங்கள். கருவி இல்லாவிட்டால் உலையில் சுட்டு எடுத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்துபோகும். அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள். எந்தப் பக்கம் கடத்தும் பக்கம் என்பதை மல்ட்டிமீட்டரால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். கழுவும்போது கண்ணாடி புரண்டிருக்கும்.

படலம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மின்னோட்டம் 8இலேயே நிற்பதற்கு முதற்காரணம் பெரும்பாலும் படலம்தான். மெல்லியதாக இருந்தால் சாயம் போதாது. தடித்தால் எலெக்ட்ரான் நெடுந்தூரம் நடக்க வேண்டி வருகிறது, மீளிணைவு கூடுகிறது, மின்னழுத்தமும் சரிகிறது. ருத்தேனியம் சாயத்துக்கும் அயோடைடு மின்பகுளிக்கும் 10 முதல் 12 மைக்ரோமீட்டர் ஒளிபுகும் அடுக்கும், அதன்மேல் 400 நானோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்களால் ஆன 4, 5 மைக்ரோமீட்டர் ஒளிச்சிதறல் அடுக்கும் பலரும் பின்பற்றும் அமைப்பு. பெரிய துகள்கள் சாயத்தை அதிகம் பிடிப்பதில்லை. கீழடுக்கில் தப்பி வந்த சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதே அவற்றின் வேலை. ஒளிச்சிதறல் அடுக்கு இல்லாமல் செய்துவந்தவர், அதைச் சேர்த்தவுடன் மின்னோட்டத்தில் தெளிவான ஏற்றத்தைக் காண்பார்.

படலத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடு பசையைக் கடையில் வாங்கலாம், தயாரிக்கவும் செய்யலாம். வணிகத்தில் பி25 என்ற பெயரில் கிடைக்கும் தூளை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் அரைத்து, டிரைட்டன் எக்ஸ்-100 போன்ற பரப்புச்செயலி சில துளிகள் சேர்ப்பது பழைய வழி. பயிற்சிக்கு அது போதும். ஆனால் அதில் அனடேஸ், ரூட்டைல் என்ற இரு படிக வடிவங்களும் கலந்திருக்கும், துகள்கள் கட்டிபிடித்தும் இருக்கும். ஏழு விழுக்காடுதான் நோக்கம் என்றால், எத்தில் செல்லுலோஸும் டெர்பினியோலும் சேர்த்த அனடேஸ் திரை அச்சுப் பசையை வாங்கிவிடுவது நேரத்தையும் மனநிம்மதியையும் மிச்சப்படுத்தும்.

பூசுவதற்குத் திரை அச்சு சிறந்தது. அது இல்லாவிட்டால் கண்ணாடியின் ஓரங்களில் ஒட்டுநாடாவை ஒட்டி, நடுவே பசையை விட்டுக் கண்ணாடித் தண்டால் ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம். நாடாவின் தடிமன்தான் ஈரப் படலத்தின் தடிமன். ஒரே பூச்சில் முழுத் தடிமனையும் எட்ட முயன்றால் விரிசல் நிச்சயம். மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் மூடிய தட்டில் வைத்து மேற்பரப்பு தானாகச் சமனாக விட்டு, 125 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் உலர்த்தி, அதன்மேல் அடுத்த பூச்சு. இந்தச் சில நிமிடக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்களின் படலத்தில் திரையின் வலைத்தடம் அப்படியே பதிந்திருக்கும்.

சுடுவதைப் படிப்படியாகச் செய்யுங்கள்: 325 டிகிரியில் 5 நிமிடம், 375இல் 5, 450இல் 15, 500இல் 15. உலையைத் திறந்து பார்க்க வாய்ப்பிருந்தால், அல்லது சூட்டுத் தட்டில் செய்தால், நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் படலம் முதலில் மஞ்சளாகி, பழுப்பாகி, சில இடங்களில் கருகியதுபோல் தோன்றும். பசையில் உள்ள கரிமப் பொருள் எரிகிறது. பின்னர் ஓரத்திலிருந்து தொடங்கி மறுபடி வெளுக்கும். வெளுத்து முடியும்வரை அடுத்த சூட்டுக்குப் போகாதீர்கள். பழுப்பு மிச்சமிருந்தால் அங்கே கரி அடைத்திருக்கிறது; அந்தத் துளைகளுக்குள் சாயம் நுழையாது. இறக்கும்போதும் அவசரம் கூடாது. சூடான கண்ணாடியைக் குளிர்ந்த மேசையில் வைத்தால் கண்ணாடியே கீறிவிடும்.

குளிர்ந்த படலத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வறண்ட குளத்துத் தரைபோல் கோடுகள் தெரிந்தால் அந்தத் தகட்டை ஒதுக்கிவிடுங்கள். அதற்குச் சாயம் செலவழிப்பது வீண்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு குளியல்

மலிவான ஒரு படியால் அதிகப் பலன் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 40 மில்லிமோலார் நீர்க்கரைசலில், 70 டிகிரியில், 30 நிமிடம் கண்ணாடியை ஊறவைத்து, நீராலும் எத்தனாலாலும் கழுவ வேண்டும். இதை இரண்டு முறை செய்வார்கள். பசை பூசுவதற்கு முன் வெறும் கண்ணாடிக்கு ஒரு முறை: அப்போது மெல்லிய தடுப்பு அடுக்கு உருவாகி, கண்ணாடியை மின்பகுளி நேரடியாகத் தொட்டு எலெக்ட்ரானைப் பறிப்பது குறைகிறது, பசையும் நன்றாகப் பிடிக்கிறது. சுட்ட படலத்துக்கு மற்றொரு முறை: துகள்களின் கழுத்துகளில் புதிய டைட்டானியம் டை ஆக்சைடு படிந்து இணைப்புகள் தடிக்கின்றன. இரண்டாவது குளியலுக்குப் பின் மறுபடி 500 டிகிரியில் அரை மணி நேரம்.

எச்சரிக்கை ஒன்று, இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். அடர் டைட்டானியம் டெட்ராகுளோரைடு நீரைக் கண்டதும் கொதித்துச் சீறி ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். புகைபோக்கி அறைக்குள், கையுறை, கண்ணாடி அணிந்து, பனிக்கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத்தான் அதை விட வேண்டும். நீரை அதன்மேல் ஊற்றவே கூடாது. நீர்த்த கரைசலாக வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். பழகியவர் அருகில் இல்லாமல் புதியவர் அடர் திரவத்தைத் திறக்கக் கூடாது. இந்த வசதி இல்லாதவர்கள் படியை விட்டுவிட்டு ஒரு விழுக்காடு குறைவாகப் பெறுவதில் எந்த இழிவும் இல்லை.

சாயக் குளியல்

என்719 என்ற ருத்தேனியம் சாயத்தை 0.3 முதல் 0.5 மில்லிமோலார் வரை, அசெட்டோநைட்ரைலும் டெர்ஷியரி பியூட்டனாலும் சம அளவில் கலந்த கரைப்பானில் கரைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், மூடிய பாத்திரத்தில், 16 முதல் 24 மணி நேரம் ஊற வேண்டும்.

இங்கே எல்லாரும் தவறவிடும் நுட்பம் ஈரம். சுட்டு எடுத்த படலம் காற்றிலுள்ள நீராவியை மளமளவென்று உறிஞ்சும். சாயத்தின் கார்பாக்சிலிக் தொகுதிகள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்களில் நீர் உட்கார்ந்துகொண்டால் சாயம் அரைகுறையாகவே ஒட்டும், பின்பு கழன்றும் போகும். எனவே முந்தைய நாள் சுட்ட தகட்டை அப்படியே சாயத்தில் போடாதீர்கள். மறுபடி சூடாக்கி, 80 டிகிரிக்கு இறங்கியவுடன், இளஞ்சூடு இருக்கும்போதே குளியலில் இறக்குங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

வெளியே எடுத்ததும் அசெட்டோநைட்ரைலால் அலசி, ஒட்டாமல் மேலே தங்கிய சாயத்தை நீக்குங்கள். கண்ணாடியின் பின்புறம் வழியாகப் பார்த்தால் நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். வெளிறிய திட்டு இருந்தால் அங்கே பிசுக்கோ கரியோ இருந்திருக்கிறது என்று பொருள்.

நிறம் நன்றாக ஏறியும் மின்னோட்டம் வரவில்லை என்றால் சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டிருக்கலாம். வெளி அடுக்கில் உள்ளவை ஒளியை விழுங்கும், எலெக்ட்ரானைத் தராது. இதற்குக் கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற நிறமற்ற பொருளைச் சாயக் கரைசலில் சேர்ப்பார்கள். அது இடையிடையே புகுந்து மூலக்கூறுகளைப் பிரித்து வைக்கும். உலோகம் இல்லாத கரிமச் சாயங்கள், போர்ஃபிரின் சாயங்கள் ஆகியவற்றுக்கு இது ஏறத்தாழக் கட்டாயம். என்719க்கு விருப்பத்தைப் பொறுத்தது. எவ்வளவு சாயம் ஏறியது என்று எண்ணாகத் தெரிய வேண்டுமானால், மாதிரித் தகடு ஒன்றை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சாயத்தைக் கழற்றி, அந்தக் கரைசலின் ஒளி உட்கவர்தலை அளக்கலாம்.

எதிர்ப்பக்க மின்முனை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளோரோபிளாட்டினிக் அமிலத்தை 5 மில்லிமோலார் அளவில் ஐசோபுரோப்பனாலில் கரைத்து, கண்ணாடியில் சில சொட்டுகள் பரப்பி, 400 டிகிரியில் கால் மணி நேரம் சுட்டால் கண்ணுக்கே தெரியாத பிளாட்டினப் பூச்சு கிடைக்கும். மிகக் குறைந்த பிளாட்டினமே போதும். பென்சில் கிராஃபைட்டோ மெழுகுவத்திப் புகைக்கரியோ பள்ளிச் செயல்விளக்கத்துக்குச் சரி. அவை உதிரும், மின்தடையும் கூடும். நிரப்புக் காரணி 0.5க்கு அருகில் தத்தளித்தால் முதலில் இந்தப் பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

மின்பகுளி

பலரும் தொடங்கும் கலவை இது: அசெட்டோநைட்ரைல் 85, வலெரோநைட்ரைல் 15 என்ற கன அளவு விகிதத்தில் கரைப்பான், அதில் பியூட்டைல் மீதைல் இமிடசோலியம் அயோடைடு 0.6 மோலார், அயோடின் 0.03, குவானிடினியம் தயோசயனேட் 0.1, நான்கு-டெர்ஷியரி-பியூட்டைல்பிரிடின் 0.5. பெயர்கள் மிரட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் தெளிவான வேலை இருக்கிறது. பியூட்டைல்பிரிடின் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பில் படிந்து மின்னழுத்தத்தை உயர்த்தும், மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கும். லித்தியம் அயனி இதற்கு நேர் எதிர்: மின்னோட்டத்தைக் கூட்டி மின்னழுத்தத்தை இறக்கும். எனவே உங்கள் கலத்தில் எந்த எண் தாராளமாக இருக்கிறதோ அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மற்றதற்குக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டிக் கொட்டுவதால் ஒன்றும் நடக்காது.

அயோடின் அளவில் கை கட்டுப்பாடாக இருக்கட்டும். கூடினால் அது நீல ஒளியைத் தானே விழுங்கும், மீளிணைவையும் கூட்டும். குறைந்தால் ட்ரை அயோடைடு எதிர்ப்பக்கத்துக்குப் போதுமான வேகத்தில் போய்ச்சேராமல் மின்னோட்டம் ஒரு வரம்பில் முட்டி நிற்கும். இந்த முட்டலைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒளிச்செறிவைப் பாதியாகக் குறைத்து மின்னோட்டத்தை அளங்கள். அதுவும் சரிபாதியானால் எல்லாம் நலம். பாதிக்கு மேலேயே நின்றால், முழு ஒளியில் அயனிகளின் ஓட்டம் போதவில்லை. அயோடினைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது இரு கண்ணாடிகளுக்கும் இடையிலான தூரத்தைக் குறையுங்கள்.

மூடுதலும் மின்தொடர்பும்

இரு கண்ணாடிகளுக்கு நடுவே 25 முதல் 60 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள, சூட்டில் இளகும் சர்லின் தாளைச் சட்டம்போல் வெட்டி வைத்து, 100 முதல் 110 டிகிரியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சாயமேறிய படலத்துக்கு அந்தச் சூடு நெடுநேரம் ஆகாது, ஒட்டியதும் எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கக் கண்ணாடியில் முன்பே துளையிட்டு வைத்த சிறு துவாரத்தின் மேல் மின்பகுளிச் சொட்டு ஒன்றை வைத்து, வெற்றிடக் கலனில் காற்றை உறிஞ்சி மறுபடி காற்றை விட்டால் சொட்டு தானே உள்ளே போகும். ஊசியால் திணிப்பதைவிட இது மேல், குமிழி தங்காது. பின்பு துவாரத்தைச் சர்லின் துண்டாலும் மெல்லிய கண்ணாடியாலும் மூடுங்கள்.

அசெட்டோநைட்ரைல் எளிதில் தீப்பிடிக்கும், நச்சும்கூட. நிரப்பும் வேலை புகைபோக்கிக்குள் நடக்கட்டும்.

இனி மின்தடை. இதை எண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். கலத்தின் தொடர் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிஆம்பியர் தரும் கலம் 0.25 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 3.75 மில்லிஆம்பியர்தான் ஓட்டும். மின்தடையில் இழப்பது ஏறத்தாழ 0.04 வோல்ட். அதே 10 ஓமில் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் ஆனால் இழப்பு 0.15 வோல்ட். 0.7 வோல்ட் தரும் கலத்தில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். உயர்ந்த எண்களைச் சொல்லும் ஆய்வேடுகளில் கலங்கள் ஏன் கடுகளவு இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம். புதியவர்கள் பெரிதாகச் செய்தால்தான் பெருமை என்று எண்ணி இரண்டு, மூன்று சதுர சென்டிமீட்டருக்குப் பூசிவிட்டு நிரப்புக் காரணி எங்கே போனது என்று தேடுகிறார்கள். முதலில் 0.25க்குள் நின்று முறையைச் சரிசெய்யுங்கள். பெரிதாக்கும்போது படலத்துக்கு மிக அருகில் வெள்ளிக் கோடு இழுக்கலாம், ஆனால் அயோடின் வெள்ளியைத் தின்றுவிடும். கோட்டை மூடி மறைக்காமல் விடக் கூடாது. முதலை வாய்ப் பிடிகள் கவ்வும் இடத்தில் பற்றாசு பூசினாலே சில ஓம்கள் குறையும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

ஒரு தொகுதிக்குக் குறைந்தது நான்கைந்து கலங்கள் செய்யுங்கள். ஒரே நாளில், ஒரே கையால், ஒரே பசையில் செய்த கலங்களுக்குள்ளேயே அரை விழுக்காடு ஏற்ற இறக்கம் இருப்பது புதுமையல்ல. அப்படியிருக்க, ஒரே ஒரு கலத்தில் 0.3 விழுக்காடு கூடியதை வைத்து முன்னேற்றம் என்று அறிவிப்பது கண்கட்டு. சராசரியை ஒப்பிடுங்கள். ஒரு தொகுதியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பழகப் பழகக் கண்டுபிடிக்கலாம். மின்னோட்டம் மட்டும் குறைவு என்றால் படலத்தின் தடிமன், சாய ஏற்றம், ஈரம் என்ற வரிசையில் தேடுங்கள். மின்னழுத்தம் 0.6க்குக் கீழ் என்றால் தடுப்பு அடுக்கில் குறை, அல்லது மின்பகுளியில் பியூட்டைல்பிரிடின் போதவில்லை. இருட்டில் மின்னழுத்தம் கொடுத்து அளக்கும் வளைவு இதற்கு உதவும்: இருட்டு மின்னோட்டம் சீக்கிரமே எழுந்தால் எலெக்ட்ரான்கள் மின்பகுளிக்குக் கசிகின்றன. நிரப்புக் காரணி குறைவாக இருக்கும்போது வளைவின் வலது முனையைப் பாருங்கள். மின்னோட்டம் சுழியைத் தொடும் இடத்தில் கோடு செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து கிடந்தால் தொடர் மின்தடை. இடது முனை, கிடையாக இருக்க வேண்டியது, சரிந்து இறங்கினால் உள்ளே குறுக்குக் கசிவு. விரிசலோ, இரு கண்ணாடிகளும் எங்கேயோ தொட்டுக்கொள்வதோ காரணம்.

ஏழுக்கு மேல்

இப்போதுதான் சாயத்தையும் மின்பகுளியையும் மாற்றுவதற்குப் பொருள் வருகிறது. அயோடைடு, ட்ரை அயோடைடு இணையின் பெரிய குறை, சாயத்தை மீட்பதற்கு அது தேவைக்கு மிஞ்சிய ஆற்றலை வீணாக்குவது. அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஏறத்தாழ 0.35 வோல்ட், என்719 சாயத்தினுடையது ஏறத்தாழ 1.1 வோல்ட். நடுவில் உள்ள முக்கால் வோல்ட் வெப்பமாகப் போகிறது. கோபால்ட் பைபிரிடின் அணைவு (உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) 0.56 வோல்ட்டிலும், தாமிர அணைவுகளில் ஒன்று 0.87 வோல்ட்டிலும் நிற்கின்றன. இவற்றைக் கொண்டு திறந்தசுற்று மின்னழுத்தம் 0.9 வோல்ட்டைத் தாண்டியது. 2011இல் போர்ஃபிரின் சாயமும் கோபால்ட் மின்பகுளியும் சேர்ந்து 12.3 விழுக்காடு, 2014இல் 13.0, 2015இல் ஒன்றுக்கொன்று துணைபோகும் இரு சாயங்களால் 14.3 விழுக்காடு என்று ஏறி, 2023இல் வெளியான ஆய்வில் தாமிர மின்பகுளியுடன் 15.2 விழுக்காடு எட்டப்பட்டது.

இதை அப்படியே என்719 படலத்தில் ஊற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கோபால்ட் அணைவு ட்ரை அயோடைடைவிட வேகமாக எலெக்ட்ரானைப் பறிக்கும். நீண்ட கார்பன் சங்கிலிகள் கொண்ட கரிமச் சாயங்கள் படலத்தின் மேல் வேலிபோட்டு அதைத் தள்ளி நிறுத்தினால்தான் பலன். அணைவின் உருவம் பெரிது, துளைகளுக்குள் மெதுவாக நகரும். அதனால் படலமும் மெல்லியதாக வேண்டும். சாயம், படலம், மின்பகுளி மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு பாதை, வீட்டுக்குள் எரியும் விளக்கு வெளிச்சம். குறைந்த ஒளியில் மின்னோட்டம் சிறிது, மின்தடை இழப்பும் அயனிகளின் தாமதமும் பொருட்டாவதில்லை. மேலே சொன்ன 2023 ஆய்விலேயே உள்ளரங்க வெளிச்சத்தில் 28.4 முதல் 30.2 விழுக்காடு வரை கிடைத்தது. உணர்விகளுக்கும் சிறு கருவிகளுக்கும் மின்சாரம் தருவதுதான் நோக்கம் என்றால் நான் முழுச் சூரிய ஒளியை விட்டுவிட்டு இங்கேயே உழைப்பைச் செலவிடுவேன். அப்படிச் செய்பவர் அயோடின் அளவைக் குறைக்கலாம், தடுப்பு அடுக்கில் இன்னும் கவனம் வைக்க வேண்டும். சிறிய மின்னோட்டத்தில் சிறிய கசிவும் பெரிதாகத் தெரியும்.

மறுவாரம் அளந்து பாருங்கள்

செய்த அன்றைய எண்ணோடு நிறுத்த வேண்டாம். கலத்தை இருட்டில் ஒரு வாரம் வைத்து மறுபடி அளங்கள். மின்பகுளியின் மஞ்சள் நிறம் வெளிறி, மின்னோட்டம் இறங்கியிருந்தால் மூடலில் ஓட்டை; அல்லது அயோடின் வெள்ளிக் கோட்டைத் தின்று தீர்ந்திருக்கிறது. ஓரத்தில் குமிழி வளர்ந்திருந்தால் 82 டிகிரியிலேயே கொதிக்கும் அசெட்டோநைட்ரைல் ஆவியாகி வெளியேறுகிறது. மெத்தாக்சிபுரோப்பியோநைட்ரைல் போன்று கொதிநிலை உயர்ந்த கரைப்பானுக்கு மாறினால் தொடக்கத்தில் அரையோ ஒன்றோ விழுக்காடு குறையும், ஆனால் கலம் நிலைக்கும். இருட்டில் நன்றாக இருந்துவிட்டு வெயிலில் மட்டும் சாயம் வெளுக்கிறது என்றால், 390 நானோமீட்டருக்குக் கீழ் உள்ள புற ஊதா ஒளியை டைட்டானியம் டை ஆக்சைடே விழுங்கிச் சாயத்தைச் சிதைக்கிறது. அந்த அலைநீளத்தை வெட்டும் வடிகட்டித் தாளைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டிவிட்டு, தாளுடன் சேர்த்தே செயல்திறனை அளந்து எழுதுங்கள்.